கறுத்த மணல்

குழாயிலிருந்து விழும்போது
கண்ணாடிதான்.
அதுதான் ஏமாற்று.
குடத்தில் பிடித்து வைத்து
பால்காரரிடம் சில்லறை எண்ணித் திரும்புவதற்குள்
மெல்லச் சிவந்திருக்கும்,
கேட்கக் கூடாததைக் கேட்ட முகம் மாதிரி.

கொரடாச்சேரி ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம்
என் டீக்கடை.
இருநூற்றுப் பத்தடி போர்.
நூற்றிருபதில் உப்பு என்று
இன்னும் இறக்கினான் போர்க்காரன்.
உப்பு போனது.
இரும்பு வந்தது,
கூடவே அழுகின முட்டை வாடை.
மகள் குளித்துவிட்டு வந்து காலை நீட்டினாள்:
வெள்ளிக் கொலுசு தார் ரோடாகியிருந்தது.

டிகாஷன் இறக்கினால் பேனா மை.
பால் ஊற்றினால் அடுப்புச் சாம்பல்.
எட்டேகால் பாசஞ்சருக்கு நிற்கும் கோர்ட்டு குமாஸ்தா
டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து
“தையல்நாயகி, இதுலயே மனு எழுதிடலாம்” என்றார்.
சிரித்தேன்.
மறுநாள் எதிர்க்கடையில் நின்றார்.

கம்பெனி ஃபில்டர் நாற்பத்திரண்டாயிரம்.
விலை சொன்ன பையன் டை கட்டியிருந்தான்.

பிறகு நாகப்பட்டினத்திலிருந்து பெலிக்ஸ்,
ஐஸ் ஃபேக்டரியில் தண்ணீர் பார்ப்பவர்.
கொய்யா இலையைக் கசக்கி டம்ளரில் போட்டார்.
நாவற்பழ நிறம்.
“டெஸ்ட் முடிஞ்சுது. ஃபீஸ் ஒரு டீ.”
டீயைப் பார்த்தார்.
“டீ வேணாம்.”

இரண்டு நீல டிரம். உச்சியில் ஒரு பூவாளி.
தண்ணீர் மழையாக விழுந்து
காற்றைக் குடிக்க வேண்டுமாம்.
வாடை அங்கேயே பறந்துவிடும்,
இரும்பு துருவாகித் திரளும்.
அடியில் கூழாங்கல், அதன்மேல் கரி,
அதற்கும் மேல் மணல், ஒன்றரை முழம்.

மணலுக்கு அலைந்ததைச் சொல்ல வேண்டும்.
ஆற்றில் அள்ளக் கூடாது.
அள்ளியவர்கள் வீட்டில் மட்டும்
மாடிக்கு மேல் மாடி ஏறுகிறது.
கட்டடம் முடிந்து மிச்சமான பத்துச் சட்டியை
மேஸ்திரி அஞ்சப்பன் கொடுத்தார்.
கிளிஞ்சல் பொறுக்கினேன். சலித்தேன்.
டிரம்மில் கொட்டும்போது பட்டது:
மேட்டூர் திறந்தும் எங்கள் வாய்க்காலுக்கு வராத ஆறு
இதோ ஒன்றரை முழம் நிற்கிறது.
தண்ணீர் அதைக் கடந்துதான்
என் பாய்லருக்கு வர வேண்டும்.

வாடை முதல் நாளே போனது.
சிவப்பு மூன்றாம் நாள்.
கறுப்பு மட்டும் போகவில்லை,
டம்ளர் அடியில் மை தீட்டினாற்போல.
“அது மாங்கனீசு. பிடிவாதம் ஜாஸ்தி.
விட்டுப் பிடிக்கணும்.”

நாற்பது நாள்.
டம்ளர் அடி வெளுத்தது.
குமாஸ்தா எதுவும் நடக்காதது போல வந்து
பன் பட்டர் கேட்டார்.

அதோடு நான் சும்மா இருந்திருக்கலாம்.

வெள்ளிக்கிழமை மூடியைத் திறந்தால்
மணல் முழுக்க அடுப்புக்கரி பூசின மாதிரி.
எனக்குப் பொறுக்குமா.
அள்ளிக் கொட்டினேன். பாத்ரூம் ஆசிட் ஊற்றினேன்.
கண் எரிந்தது, இருமி இருமி
ஏழு தண்ணீர் அலசி
பொன்னாக்கிவிட்டுத்தான் படுத்தேன்.

சனிக்கிழமை
டம்ளர் அடியில் மை.

பெலிக்ஸ் போனில் கொஞ்ச நேரம் பேசவில்லை.
“அக்கா, அந்தக் கறுப்புதான்
கறுப்பைப் பிடிச்சு வச்சிருந்துது.
வெளுத்த மணலுக்கு என்ன தெரியும்?”

இன்று பதினேழாம் நாள்.
வாரம் ஒருமுறை கீழிருந்து தண்ணீர் ஏற்றி
துருவை மட்டும் வெளியே தள்ளுகிறேன்.
வாழைக்கு அடியில் குங்குமச் சேறு.
குமாஸ்தாவுக்குக் கேன் தண்ணீரில் தனியாக டீ,
அவரிடம் சொல்லவில்லை,
கேன் முப்பத்தைந்து ரூபாய்.

கடை சாத்தியதும்
மூடியைத் தூக்கி டார்ச் அடிக்கிறேன்.
மணலில் அங்கங்கே ஒரு கறுப்பு இழை,
தலைகீழாக நரைக்கிற தலை மாதிரி.
விரலை நீட்டி,
தொடாமல் எடுத்துக்கொண்டேன்.