நண்டு வளை

அத்தா சார்ஜாவிலிருந்து கொடுத்தனுப்பியது
ரப்பர் விசை வைத்த ஒரு கறுப்புப் பெட்டி.
பிள்ளை கணக்குப் படிக்க என்று சுங்கத்தில் சொன்னாராம்
கொண்டுவந்த பொதக்குடிக்காரர்.
நான் படம் வரைந்தேன்.

டேப் ரெக்கார்டரில் கேசட்டைப் போட்டு
அது கத்தி முடிக்கும்வரை
ஐந்து நிமிடம் காதைப் பொத்திக்கொண்டால்
கலர் டிவியில் ஒரு வெள்ளைத் தாள் விரியும்.
நடுவில் கூட்டல் குறி ஒன்று துடித்துக்கொண்டிருக்கும்.
ஒரு தட்டுக்கு ஒரு புள்ளி நகரும்.
கூத்தாநல்லூரை இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசிவரை கடக்க
இருநூற்று ஐம்பத்தைந்து தட்டு.

கோடு நேராகப் போனால் நேர்.
கொஞ்சம் சாய்ந்தால் படிக்கட்டு.
என் படத்தில் வெண்ணாறு
படி படியாக இறங்கித்தான் கடலுக்குப் போனது.

பச்சை ஒன்றுதான்.
குறுவைக்கும் அதே, தாளடிக்கும் அதே,
பள்ளிவாசல் மினாராவுக்கும் அதே.
எட்டுக்கு எட்டுக் கட்டத்துக்குள்
இரண்டு நிறத்துக்கு மேல் குடியிருக்காது.
கொக்குக்கு மஞ்சளில் அலகு வைத்தேன்,
பக்கத்து நாற்றெல்லாம் ஒரே நொடியில் பழுத்துவிட்டது.

நிறம் ஊற்றுவதற்கென்று ஒரு விசை இருந்தது.
நாலு பக்கமும் வரப்புக் கட்டி
நடுவில் நின்று அழுத்தினால்
மடை திறந்துவிட்ட மாதிரி ஏறும்.
முதல் வயலில் நன்றாகத்தான் ஏறியது.
பிறகு எங்கோ கசிந்து
தெருவுக்கு வந்து
ரைஸ்மில் புகைக்கூண்டைச் சுற்றிக்கொண்டு
வானத்தை முழுசாக நிரப்பிவிட்டு நின்றது.
மூலைக்கு மூலை பச்சை.
மூன்று நாள் வேலை.

ஞாயிறு படம் பார்க்க வந்திருந்த தையல்நாயகி
(எங்கள் ஆறு மா நிலத்தைக்
குத்தகைக்கு உழுதவர் அவள் அப்பா)
முறுக்கைக் கடித்தபடி சொன்னாள்:
"எங்கயாவது நண்டு வளை இருக்கும்டீ."

திரும்பக் கட்டினோம்.
கண்ணாடியில் மூக்கு ஒட்ட
வரப்பு நெடுக விரலை வைத்துப் போனாள்.
எண்ணெய்த் தடம் அவள் பின்னாலேயே போயிற்று.
வடகிழக்கு மூலையில் விரல் நின்றது.
ஒரே ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தது.
"எங்கப்பான்னா குதிங்காலால மிதிச்சு அடைப்பாரு."
நான் விசையை அழுத்தி அடைத்தேன்.

படம் முடிந்தபோது மணி ஒன்பதே முக்கால்.
பல்பு மங்கி மங்கி எரிய ஆரம்பித்திருந்தது.
பெட்டிக்குச் சொந்தமாக ஞாபகம் கிடையாது,
கரண்ட் போனால் வயலும் போகும்.
வீட்டில் வெற்றுக் கேசட் இல்லை.
இருந்தது அத்தாவின் பேச்சு,
வெள்ளிக்கிழமை ராத்திரிகளில்
கதவைச் சாத்திக்கொண்டு அம்மா கேட்பது.
அதன் வாலில் இடம் இருக்கும் என்று நினைத்தேன்.
சரியாகப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை கதவுக்கு வெளியே நின்றேன்.
"சபுராவ கண் டாக்டர்ட்ட காட்டினியா,
இங்க நேத்து ஒரு மழை, சொன்னா நம்ப மாட்ட,
மணலெல்லாம் அப்படியே..."
அப்புறம் எங்கள் வயல்,
கீச்சென்று, முக்கால் நிமிடத்துக்கு.

அம்மா நிறுத்தவில்லை.
வெளியே வந்து என்னைத் திட்டவும் இல்லை.
மறுநாள் கேசட்டைத் திருப்பிப்போட்டு
அந்தப் பக்கத்தில் பதில் பேசினாள்:
வீட்டு வரி, குத்தகை நெல் வந்தது,
பெரியவள் பிள்ளைக்குச் சுன்னத்,
எனக்குக் கண் நன்றாகத்தான் தெரிகிறது என்று.
பொதக்குடிக்காரர் பையில் அது திரும்பிப் போனது.

நாற்பது நாள் கழித்துக் கடிதம்.
"கேசட் கடைசியில் பழுது.
என் பேச்சு அறுந்த இடத்திலிருந்து ஒரே கூச்சல்.
ரூமில் ஏழு பேரும் தலையணையில் காதை மூடிக்கொண்டார்கள்.
நான் முடியும்வரை கேட்டேன்,
நடுவில் உங்கள் யார் குரலாவது வருமோ என்று."

மணல் என்ன ஆனதென்று எழுதவில்லை.
நாங்களும் கேட்கவில்லை.