பற்றவைத்த இடம்

களியக்காவிளையில், எல்லைக்கு இந்தப் பக்கம்,
லில்லிபாய் நகை அடகுக் கடை.
பலகையில் தமிழ் பெரிதாக, மலையாளம் சிறிதாக.
விலை பேசும்போது இரண்டும் ஒரே அளவு.

பழைய மோதிரம்தான் வேண்டுமென்று வந்தோம்.
புதுசின் பளபளப்புக்கு நமக்கு வயதில்லை
என்றாய் பஸ்சில்.
ஸ்டாண்டில் இறங்கிய பிறகுதான்
எனக்குச் சிரிப்பு வந்தது.

பச்சை வெல்வெட் தட்டில் கொட்டினாள்
மீட்க வராதவர்களின் விரல்களை.

முதலில் காசு மோதிரம்.
அரைப்பவுனில் மூக்கு மழுங்கிய ஒரு ராஜா.
"இருபத்திரண்டு காரட். இப்ப இப்படி சொர்ணம் வராது, கேட்டியளா."
சிலோனில் கணக்கெழுதித் திரும்பிய எவரோ
மேசையில் தட்டித் தட்டியே ராஜாவைத் தேய்த்திருக்க வேண்டும்.

அடுத்து பாம்பு. மூன்று சுற்று,
செதில் செதிலாய்க் கொத்திய வேலை.
கண்ணுக்கு இரண்டு செம்மணி, ஒன்று விழுந்து
குழியில் யாருடைய மாவோ காய்ந்திருந்தது.
வெள்ளைக்காரிகள் நிச்சயத்துக்கே இதைப் போடுவார்களாம்,
முடிவில்லாமைக்கு அடையாளமாம்.
"நம்ம அச்சன் ஏதேனை நினைப்பாரு" என்றாய்.

பிறகு கெம்புத் தாமரை. மூடிய கட்டடம்,
கல்லுக்கு அடியில் தகடு;
வந்த வெளிச்சத்தை வந்த வழியே அனுப்பும்.
அழகுதான். கையில் எடுத்தால் கனமில்லை.
"உள்ள அரக்கு, சிஸ்டர். வெந்நீர் ஆகாது."
ஒரு டியூட்டிக்கு நாற்பது தடவை
கை கழுவுகிறவளிடம் சொல்கிறாள்.

கொச்சியில் கம்பெனி வீட்டு ஏலத்தில் வந்த
பிளாட்டினம் ஒன்று:
விளிம்பெல்லாம் கடுகுமணி, நடுவில் சதுர நீலம்,
நான்கு மூலையும் கூர்.
கையுறை கிழியும் என்று தள்ளிவைத்தேன்.

கடைசியில் ஒரு வெறும் வளையம்.
உள்ளே தட்டை, வெளியே மேடு.
கல் கிடையாது, கொத்து கிடையாது.
உரைகல்லில் இழுத்து அமிலம் ஒரு சொட்டு விட்டாள்.
கோடு அப்படியே நின்றது.

திருப்பினேன்.
ஓரிடத்தில் மட்டும் மயிரிழை அளவு
மஞ்சள் சிவந்திருந்தது. பற்றாசு.

அந்த இடத்தை எனக்குத் தெரியும்.
சோப்பு போட்டு, நூல் சுற்றி,
கையைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி,
அதற்கும் வராதபோது
சின்னச் சக்கரம் வைத்து அறுப்போம்.
நீலம் பாரித்த விரல்
மெல்ல மெல்லத் தன் நிறத்துக்கு வரும்.

பாறசாலை ஆஸ்பத்திரிக்கு
ரப்பர் ரோலர் கடித்த கையோடு நீ வந்த அன்று
உன் முதல் கல்யாணத்தை அறுத்தவள் நான்தான்.
வாய் பிளந்த அதைப் பஞ்சில் பொதிந்து
ரிஜிஸ்டரில் எழுதினேன்:
மஞ்சள் உலோகம், ஒன்று.
சவூதியிலிருந்து அப்போதும் அவள் கடிதம் வந்துகொண்டிருந்தது.
வக்கீல் நோட்டீஸ் பிறகுதான்.

நீ வாங்கிப் பார்த்தாய்,
ஜன்னல் பக்கம் திரும்பி, வெகுநேரம்.
"எனக்க மோதிரம் இல்ல இது.
அதுல தேதி கொத்தியிருந்து."

அதை என்ன செய்தாய் என்று
நான் கேட்டதில்லை.
இப்போதும் கேட்கவில்லை.

"முறியாதது காட்டட்டா?" என்றாள் லில்லிபாய்.
வேண்டாம், இதுவே போதும்.
எனக்கும் ஒருநாள் விரல் வீங்கும்.
வார்டில் அன்று இருக்கப்போகும் சின்னப்பெண்
எங்கே அறுப்பது என்று தேட வேண்டாம்.

இரண்டு கிராம் எழுநூறு.
ஒட்டுக்கென்று எண்பது மில்லி கழித்தாள்.
நூறு கழிக்கணும் என்று நான் நின்றேன்.
மலையாளத்தில் முனகிக்கொண்டே
தமிழில் தொண்ணூறு என்று எழுதினாள்.

உனக்கு அளவெடுக்கத் திரும்பினால்,
பாதி மோதிரவிரலை மடக்கிக்கொண்டு
நடுவிரலில்
ராஜாவைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறாய்,
யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்து.