அரைப்பேர்

ஞாயிற்றுக்கிழமை. பெரட்டு இல்லை.
எழுதவென்றே ஒதுக்கிய நாள்.
காலையிலேயே குசினியைக் கழுவினேன்.
கழுவியதை இன்னொரு தடவை கழுவினேன்.
நோர்வூட்டுக்கு பஸ் ஏறிப்போய்
ஒரு பேனை வாங்கி வந்தேன்,
வீட்டில் மூன்று பேனை கிடக்க.

மேசை என்பது தையல் மெசினின் மூடி.
அதன்மேல் சீ.ஆர். கொப்பி.
முதல் பக்கத்தில் தேதி மட்டும்,
அதுவும் போன மார்கழித் தேதி.

மலையில் காலேறும் அட்டைக்கு
உப்பு உண்டு, சவர்க்காரம் உண்டு.
இந்தக் கொப்பியின் அட்டைக்கு
எதைத் தேய்ப்பது?
தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று
தொடாமலே சுற்றிச் சுற்றி வருகிறேன்.

மூன்று மணிக்குப் பனி இறங்கி
எதிர் லயத்தை அழித்தது.
நல்லதாய்ப் போயிற்று, வெளிச்சம் போதாது
என்று எழும்புகையில்
புஷ்பகாந்தி குடையை உதறிக்கொண்டு வந்தாள்.
"அக்கா, தொரைக்கி ஒரு கடுதாசி எழுதணும்.
தகரம் ஓட்ட. புள்ள படுக்கிற எடத்துலயே ஒழுவுது."

உட்கார்ந்தேன்.
மனசு வரட்டும் என்று யார் காத்திருந்தார்கள்?
எந்தத் தகரம், எந்த ஆணிக்குப் பக்கத்தில்,
சட்டி வைத்தால் எவ்வளவு நேரத்தில் நிறையும்,
எல்லாம் கேட்டேன். எல்லாம் எழுதினேன்.
ஒன்பது வரி.
'மிகவும் தாழ்மையுடன்' என்று தொடங்கியிருந்தேன்.
வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு
"அது வேணாமே" என்றாள்.
வெட்டினேன்.

மடித்து ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு
அவள் போன பிறகும்
பேனை மூடாமல் கிடந்தது.
மை காய்ந்துவிடுமே என்றுதான்
கொப்பியை இழுத்தேன், சத்தியமாக.
மார்கழியை வெட்டி இன்றைய தேதி போட்டேன்.
பிள்ளையின் தலைமாட்டில் இருக்கும்
அலுமினியச் சட்டியைப் பற்றி ஒரு வரி.
அடுத்த வரியை வெட்டினேன்.
அடுத்தது பரவாயில்லை.

இருட்டும்போது நாலு வரி நின்றது.
பதினெட்டுக் கிலோ இல்லை.
நிறுவைக் கொட்டிலாக இருந்தால்
கணக்கப்பிள்ளை நிமிர்ந்தும் பார்க்காமல்
அரைப்பேர் போட்டிருப்பார்.
போடட்டும்.
அரை என்றாலும் பேர் விழுந்திருக்கிறது,
ஐந்து மாதம் வேலைக்கே வராதவளுக்கு.

மழை பிடிக்கிறது.
என் தகரம் ஒழுகாது.
புஷ்பகாந்தி வீட்டில்
சட்டி எத்தனையாவது தடவை நிறைகிறதோ.