குடும்பச் சீட்டு

மூன்று வயதுக்குக் கீழே இலவசம் என்று
கண்ணாடியில் ஒட்டியிருந்தது.
இவளுக்கு இரண்டரை என்றார் நிரோஷன்
உள்ளே இருந்த பெட்டையிடம்,
மிகப் பணிவான ஆங்கிலத்தில்.
தோளில் இருந்தபடி துளசிகா
மூன்று விரலை விரித்துக் காட்டினாள்,
நாலாவது எழும்பப் பார்க்க
மற்றக் கையால் அதை அமத்திக்கொண்டு.

சிரித்தபடி தட்டினாள் பெட்டை:
பெரியவர் இருவர், சிறியவர் இருவர்,
ஒரு குடும்பம்.
அதற்கு மேல் வந்தால் தலைக்கு இருபத்திரண்டு டொலர்.

நான் கைப்பைக்குள் தொப்பியைத் தேடினேன்.
ஃபார்மசியின் கடதாசிப் பை விரலில் இடறியது.
தொப்பி வேண்டாம் என்று மூடிவிட்டேன்.

வென்ட்வேர்த்வில்லில் வெளிக்கிடும்போதே முப்பத்தாறு பாகை.
பிளாக்டவுன் தாண்டி இங்கே
யூகலிப்டஸ் நிழலும் சுடுகிறது.
மிதுரனுக்கு அவசரம்,
எதற்கென்று அவனுக்கே தெரியாது.

கோலா
மரக்கவையில் யாரோ மறந்துவிட்டுப் போன
கம்பளிச் சட்டைபோல் கிடந்தது.
"உது செத்துப்போச்சோ?"
"நித்திரையடா. ஒரு நாளைக்கு இருபது மணித்தியாலம்."
"அப்ப எங்கட அம்மா?"
இவர் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து குடித்தார்.
வயோதிபர் இல்லத்தில் இந்த வாரம் ஐந்து இரவு எனக்கு.
அது விழித்திருக்கும் அளவுதான்
நான் கண்மூடும் அளவு.
வேலிக்கு இப்பால் நின்று
கொஞ்சம் பொறாமையோடு பார்த்தேன்.

வொம்பட் வளைக்குள், பின்பக்கம் மட்டும் தெரிந்தது.
டிங்கோ வரவேயில்லை.

மத்தியானம் ரோல்ஸ் பெட்டியைத் திறந்த கையோடு
வந்து நின்றார் அரிவாள்மூக்கர்.
கறுத்த மொட்டைத் தலை, ஊத்தை பிடித்த வெள்ளைச் சட்டை,
வட்டிக் காசு கேட்டு வந்தவரின் நடை.
மிதுரனின் கையிலிருந்ததை
அளந்து பார்த்து, இழுத்தெடுத்து,
குப்பைத்தொட்டி மேல் ஏறி நின்று விழுங்கினார்.
பிள்ளை அழப்போகிறான் என்று நினைத்தோம்.
"அம்மா! இது மட்டும்தான்
என்னைத் திரும்பிப் பார்த்தது!"

பிறகு கங்காருகள்.
கோனில் நிரப்பிய தீனியில் பாதியைத்
துளசிகாவே தின்றுவிட்டாள்.
மீதியை என் உள்ளங்கையில் வைத்து நக்கியது
ஒரு தாய்க் கங்காரு.
மூக்கின் ஈரம். வயிற்றுப் பையிலிருந்து
தலைகீழாய் நீட்டிக்கொண்டிருந்தன
இரண்டு நீளக் கால்கள்.

பூங்காக்காரப் பெண் சொன்னாள்:
ஒன்று பையில் பால் குடிக்கும்வரை
அடுத்தது கருவில் ஒரு புள்ளியாய் நிற்கும்.
வளராது. அழியாது.
தாயின் உடம்பு சொன்னால்தான் தொடங்கும்.

இவர் பிள்ளைகளுக்குத் தமிழாக்கினார்:
"உள்ளுக்க இன்னொராள் லைனில நிக்கிறார்."
"எவ்வளவு நேரமா?"
"அம்மா வா எண்டு சொல்லும் வரைக்கும்."
எல்லாரும் சிரித்தார்கள்.
நான் குனிந்து
அவிழாத செருப்பு வாரை
அவிழ்த்துக் கட்டினேன்.

சொல்ல முடிந்தால் என்ன சொல்லுவேன்.
கொஞ்சம் பொறு, வீட்டுக் கடன் இறங்கட்டும்,
துளசிகா பள்ளிக்கூடம் போகட்டும்,
எனக்குப் பகல் வேலை கிடைக்கட்டும்.
வியாழக்கிழமை குளியலறையில்
கதவைப் பூட்டிக்கொண்டு பார்த்த இரண்டு கோடுகளில்
பொறுமை எதுவும் தெரியவில்லை.
அடர்த்தியான கோடுகள்.

வெளியே போகும் வழியில் இவர் நின்றார்.
"வருசப் பாஸ் எடுப்பமே?
மூண்டு தரம் வந்தா லாபம்."
படிவத்தில் பிள்ளைகளின் பெயருக்கு
மூன்று வரி விட்டிருந்தார்கள்.
இரண்டை நிரப்பினார்.
துளசிகாவின் பிறந்த ஆண்டை இம்முறை சரியாக எழுதினார்.
மூன்றாவதன் மேல்
குறுக்குக் கோடு போடப் பேனையை வைத்தார்.

"வெட்டாதேங்கோ" என்றேன்.
"ஏன்?"
"சும்மா விடுங்கோ. இடம் இருக்கட்டும்."

பேனை மூடி பல்லுக்கிடையில் இருக்க
அப்படியே என்னைப் பார்த்தார்.
கவுண்டர்க்காரி பார்த்தாள்.
அவர் தோளில் நித்திரையாகிவிட்ட துளசிகாவின் கையிலிருந்து
தீனி ஒவ்வொன்றாய் உதிர்ந்தது.

பின்னால் மிதுரன் கத்தினான்:
"அம்மா, இஞ்ச பாருங்கோ!
அந்த ரோல்ஸ் கள்ளன்
திரும்பவும் வாசலால உள்ளுக்குப் போறான்!"