பதினொரு நாள்

வரைவு நியதிச்சட்டம், பிரிவு ஆறு, உபபிரிவு இரண்டு:
சிறுநீரக நோயாளர் ஒருவருக்கு, மாதமொன்றுக்கு,
சிகிச்சை நிலையத்துக்குச் செலுத்தும் வீதம்
நியாயமானதாகவும் போதுமானதாகவும் இருத்தல் வேண்டும்.

'போதுமானதாகவும்' இரண்டாம் வரைவில் இல்லை.
மூன்றாவதில் திரும்பி வந்திருக்கிறது,
எழுத்துரு மட்டும் கொஞ்சம் மாறி,
பின்னேரம் பிந்தி வந்த பிள்ளை
கடைசி வாங்கில் ஒடுங்கி இருப்பதுபோல.

வீதம் கணிக்க வந்தவர் நல்ல மனிதர்.
ஒட்டுசுட்டான் கந்தோரில் என் மேசைக்கு எதிரே இருந்து
வெறுந்தேத்தண்ணி குடித்தார்.
மாங்குளத்து நிலையத்துக்குச் சராசரித் தூரம் கேட்டார்.
கூட்டிப் பிரித்துப் பதினான்கு என்றேன்.

வீடு திரும்புகையில் பஸ் யன்னலால் பார்த்தேன்.
பதினான்காம் கிலோமீற்றரில் ஒருவரும் குடியில்லை.
இரண்டு பக்கமும் காடு.
யானை கடக்கும் இடம் என்றொரு பலகை,
அதுவும் சரிந்து.

அன்னலிங்கம் முத்தையன்கட்டு இடதுகரை.
முப்பத்தொரு கிலோமீற்றர்.
டொக்டர் எழுதியது கிழமைக்கு மூன்று தடவை.
வீதத்துக்குக் கட்டுப்படியானது இரண்டு.
நிலையத்துக் கணக்காளர் தொலைபேசியில் கத்தவில்லை;
டீசல் விலையைச் சொன்னார்,
வடிகட்டி விலையைச் சொன்னார்,
பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை.
அவருடைய கூட்டலிலும் பிழை இல்லை,
என்னுடையதிலும் இல்லை.

புரட்டாதி பத்தொன்பதில் அன்னலிங்கம் செத்துப்போனார்.
நான் எழுதவேண்டிய சொல்: காலமானார்.
படிவத்தில் உள்ள சொல்: நீக்கப்பட்டார்.

மாதக் காசு முதலாம் திகதியே போய்விட்டது.
பிரிவு ஒன்பது: எஞ்சிய நாட்களுக்கான தொகை
நிலையத்திடமிருந்து மீளப் பெறப்படும்.
எண்பத்து நாலாயிரத்தை முப்பதால் பிரித்து
பதினொன்றால் பெருக்கினேன்.
முப்பதாயிரத்து எண்ணூறு.
மிச்சமில்லாமல் பிரிபடும் கணக்கு
எனக்கு எப்போதும் பிடிக்கும்.
அன்றைக்குப் பிடிக்கவில்லை.

அட்டையை ஒப்படைக்க மனைவி தவமலர் வந்தா.
பிளாஸ்ரிக் உறைக்குள் அட்டை,
அட்டைக்குப் பின்னால் பஸ் ரிக்கற்றுகள்,
ஒன்றையும் எறியவில்லை.
காசு தருவார்கள் என்று ஆரோ சொன்னதாம்.
ரிக்கற்றுக்கு வீதத்தில் இடமில்லை என்றேன்.
தலையாட்டினா.
மேசையில் கிடந்த கடிதத்தை
தலைகீழாகவே வாசித்துவிட்டுக் கேட்டா:
"அந்தப் பதினொரு நாளையும்
இனி ஆருக்குக் குடுப்பியள்?"

மாகாண நிதிக்கு, என்றேன்.
"ஓ," என்றா.
உறையை மட்டும் திருப்பிக் கேட்டா.
மகளின்ர அடையாள அட்டைக்கு அளவாம்.

கருத்துத் தெரிவிக்கக் கடைசி நாள் முப்பது.
இன்று இருபத்தெட்டு.
பென்சிலால் ஆறாம் பிரிவில் அந்தச் சொல்லைச் சுற்றி
ஒரு வட்டம் போட்டேன்.
ஓரத்தில் 'ஆருக்கு?' என்று எழுதினேன்.
கந்தோர்த் தமிழில்லை; அழித்தேன்.
'எவருக்கு?' என்றும் எழுதி அழித்தேன்.
தாள் மெலிந்து
மறுபக்கத்துப் பிரிவு ஏழு தெரியத் தொடங்கியபோது
பேனையை எடுத்தேன்:

முப்பத்தொரு கிலோமீற்றர்.
கிழமைக்கு மூன்று.
போகவும் வரவும்.