ஒன்று, மூன்று, இரண்டு

ஜே.சி. ரோட்டில் கண்ணாடி மேசைமேல்
இரண்டு டிஸ்ட்ரிபியூட்டர்கள்.
ஒன்று புதுசு. ஒரிஜினல் அல்ல,
அதை அட்டைப்பெட்டியே ஒத்துக்கொள்கிறது:
நீல எழுத்தில் 'பொருந்தும்' என்று போட்டிருக்கிறது,
எதற்கு என்று போடவில்லை.
இன்னொன்று சிவாஜிநகரில் கழற்றியது,
கம்பெனி முத்திரை தேய்ந்து,
வேறொரு வண்டியின் எண்ணெய் இன்னும் உலராமல்.

இரண்டாயிரத்து நூற்றைம்பது. தொள்ளாயிரம்.
கம்பெனிச் சரக்கின் விலையைக் கேட்டேன்.
பவர்லால் கால்குலேட்டரைத் தொடக்கூட இல்லை.
"அது வர்றதில்லம்மா" என்றார்,
செத்தவரின் போன் நம்பரைக் கேட்டுவிட்டதுபோல.

என் ஆம்னி நேற்று
ஹெப்பாள் மேம்பாலத்தின் முதுகில் நின்றது.
உள்ளே நூற்று நாற்பது பாக்கெட் இட்லி மாவு.
மாவுக்கு வண்டி நின்றது தெரியாது,
அதுபாட்டுக்குப் பொங்கும்.
பின்கதவைத் திறந்தபோது ஏழு பாக்கெட் வெடித்திருந்தது.
ஒரு பஸ் டிரைவர் எனக்குப் புரியாதென்று நினைத்துக்
கன்னடத்தில் திட்டினார்.
அதே கன்னடத்தில் திருப்பிக் கொடுத்தேன்.

நயாஸ் மூடியைக் கழற்றி
தண்டை இரண்டு விரலால் ஆட்டிக் காட்டினான்.
விழப்போகிற பால்பல் மாதிரி ஆடியது.
"பாயிண்ட் எத்தனை தடவ வெச்சாலும் நிக்காதுக்கா.
ஒண்ணு, மூணு, ரெண்டுன்னு நெருப்பு போகணும்.
போகுது. நேரத்துக்குத்தான் போகல."

என் விசிட்டிங் கார்டிலும்
டிஸ்ட்ரிபியூட்டர் என்றுதான் அச்சடித்திருக்கிறது.
ஹென்னூர், கம்மனஹள்ளி, சககாரநகர்.
நேரத்துக்குப் போகாவிட்டால் என்ன ஆகும் என்று
எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

போனில் பிலோமினா:
"எஃப்.சி. இன்னும் பதினோரு மாசம்.
அதுக்கப்புறம் வண்டியே இருக்குமோ என்னமோ.
தொள்ளாயிரத்த வாங்கிட்டு வா."
மாவுக்கு உப்புப் போடுகிறவள் அவள்.
ஒரு கல் கூடப் போட்டதில்லை இதுவரை.

அவள் கணக்கு சரி. கை கேட்கவில்லை.
பழையதைப் பிடித்து ஆட்டினேன். லேசாக ஆடியது.
என்னுடையது ஆடுவதுபோல இல்லை,
என்னுடையது மூன்று வருடத்துக்கு முன் ஆடியதுபோல.
புதுசு அசையவே இல்லை.
நகைக்கடையில் நிற்பவளாட்டம்
வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன்.
மூடிக்குள் முனைகள் அலுமினியம், பித்தளை இல்லை.
கியர் பல்லில் நகத்தை ஓட்டினால் பிசிறு தட்டியது.

"வாரன்டி?"
"தண்ணி படாத வரைக்கும்."
பெங்களூரில். ஜூலையில்.

வேக்குவம் குழாயை வாயில் வைத்து உறிஞ்சினேன்.
கடைப்பையன் சிரிப்பை அடக்கிக்கொண்டு தெருவைப் பார்த்தான்.
உள்ளே தட்டு நகர்ந்தது.
முனையை நாக்கால் அடைத்து எண்ணினேன்.
புதுசு ஒன்பதில் விட்டுவிட்டது.
பழையது, கிரீஸும் துருவும் கலந்த ருசியோடு,
நாற்பது வரை நாக்கைப் பிடித்திருந்தது.
நாற்பதில் நானாகத்தான் விட்டேன்.

ஒன்றுக்கு எலும்பு உண்டு, மூச்சில்லை.
மற்றதற்கு மூச்சிருக்கிறது, இடுப்பு போய்விட்டது.

"இதோட டப்பாவ அதுல மாட்டித் தர முடியுமா?
ரெண்டு ஸ்குரூதான."
பவர்லால் முதல்முறையாக மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.
"ரெண்டையும் வாங்கினா மாட்டலாம்."
"எனக்கு டப்பா மட்டும் போதும்."
"மிச்சத்த நான் யாருக்கு விக்கிறது?"
நியாயமான கேள்வி.
என்னைப் போல ஒருத்திக்கு என்று சொல்ல வந்ததை
விழுங்கினேன்.

முக்கால் மணி நேர இழுபறி,
இரண்டாயிரத்து நானூறில் நின்றது.
பையன் குனிந்து முடுக்கினான்.
ஒரு ஸ்குரூ சுலபமாக ஏறியது.
இரண்டாவது பாதியில் அடம்பிடித்து,
கொஞ்சம் கோணலாக,
ஏறியது.

பில்லில் எழுதினார்: டிஸ்ட்ரிபியூட்டர், ஒன்று.
அடியில் சிவப்பு அச்சு:
விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது.
எங்கள் பில் புத்தகத்திலும் அதே வரிதான்,
பிலோமினா சண்டைபோட்டுப் போட்டது.

வெளியே தூறல் பிடித்துவிட்டது.
மாவுக் கவர் இரண்டை ஒன்றுக்குள் ஒன்று போட்டு
அதற்குள் அதைச் சுற்றி
டவுன்ஹால் ஸ்டாப்பில் நிற்கிறேன்.
வாயில் இன்னும் அந்தத் துரு.
சரியா தப்பா என்பது
விடிகாலை நாலே முக்காலுக்குத் தெரியும்.
லிங்கராஜபுரத்தில் இந்நேரம்
அரிசி ஊறத் தொடங்கியிருக்கும்.