விரல்கடை

சங்கிலியைக் கழற்றுங்கள் என்பேன்.
தாயத்து, சிலுவை, உருத்திராட்சம், கருங்காலி மாலை
எல்லாம் ஒரே பிளாஸ்டிக் தட்டில் விழும்.
முஹைஸ்னாவுக்குக் காலை ஆறரைக்கே பேருந்துகள் வந்துவிடும்.
நீலச் சீருடை இறங்கும், ஆரஞ்சு இறங்கும்,
ரத்தம் கொடுத்த கையை மடக்கி
முழங்கை மடிப்பில் பஞ்சை அடைகாத்தபடி
என் கதவுக்கு வெளியே வரிசை நிற்கும்.

தாடையைத் தூக்கு. நெஞ்சைப் பலகையில் ஒட்டு.
மூச்சுக்கு இங்கே எனக்கு ஆறு பெயர் தெரியும்:
சாஸ், தம், ஊபிரி, ஷ்வாசம், நஃபஸ்.
ஆறாவதைச் சொல்ல
சில நாள் ஆளே வருவதில்லை.

பக்கத்து அறையில் ஊசி.
வீட்டு வேலைக்கு வந்தவர்கள், சலூன் பெண்கள்,
மஞ்சள் காமாலைத் தடுப்பு, மூன்று தவணை.
"மூணாவது ஊசிவரைக்கும் அந்த வீட்ல இருப்பனா தெரியலையே"
என்று சிரித்தாள் ஒருத்தி
தேதி அட்டையைக் கைபேசி உறைக்குள் செருகிக்கொண்டே.

பால்வண்ணன். டோக்கன் இருநூற்றுப் பதினாலு.
கிரேன் ஓட்டுகிறார். பதினோரு வருடம், இது ஆறாம் முறை.
"சிரிக்கணுமா மேடம், ஸ்டூடியோ மாதிரி?"

மெஷின் புதுசு, போன மாதம்தான் வந்தது.
பழையதற்குக் கொஞ்சம் பார்வை மங்கல்.
அந்த மங்கல் எத்தனை பேருக்குச் சோறு போட்டதென்று
யாரும் கணக்கெடுத்ததில்லை.

திரையில், வலது நுரையீரலின் உச்சியில்
வெற்றிலையில் தடவி மறந்த சுண்ணாம்பாய் ஒரு கீற்று.
பழையது. ஆறியது.
"சின்னப் புள்ளையில ஆறு மாசம் மாத்திரை சாப்ட்டீங்களா?"
கேட்டிருக்கக் கூடாது.
"ஒம்பது வயசுல. ஒண்ணுக்கு செவப்பாப் போவும்,
பயலுவ வேடிக்கை பாக்க வருவானுவ.
அதெல்லாம் சரியாயிட்டு மேடம்.
சர்ட்டிபிகேட் கூட இருந்துச்சு."

படம் அசைந்துவிட்டது, இன்னொன்று எடுப்போம் என்றேன்.
அசையவில்லை.

தோளை ஒரு விரல்கடை முன்னே திருப்பினால் போதும்,
காறை எலும்பு வந்து அதன்மேல் படுத்துக்கொள்ளும்.
டாக்டர் ஒரு நாளைக்கு அறுநூறு மார்பு பார்க்கிறார்.
ஒரு அறையில் பத்துப்பேர் படுக்கிறார்கள், அதுவும் தெரியும்.
இருமலை விழுங்கிக்கொண்டு வந்த ஒருவனை
இதே பலகையில் நிறுத்தியிருக்கிறேன்;
அடுத்த மாதம் அவன் அறையிலிருந்து நான்கு பேர்.
ஆனால் இது தழும்பு.
தழும்பு இருமாது.

மூச்சை இழுங்க.
பிடிங்க.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் பொத்தான்மேல் என் விரல்.
நாற்பது மாடி உயரத்தில்
கான்கிரீட் தொட்டியை அந்தரத்தில் நிறுத்திவைக்கிறவர்,
மூச்சை நிறுத்தவா தெரியாது.
கழுத்து நரம்பு புடைத்தது.
ஏசி ஒருமுறை நின்று மறுபடி ஓடியது.
"விடச் சொல்லவேயில்லையே" என்றார்
மிச்சமிருந்த காற்றில்.

நேராகத்தான் நின்றார்.
நான் போய்த் தொடவில்லை.
நேர்மையா, பயமா, என் விசாவா,
மூன்றும் படத்தில் ஒரே நிறத்தில்தான் விழும்.

வியாழக்கிழமை கம்பெனி மந்தூப் வந்தான்.
ரப்பர் பேண்டு போட்ட முப்பத்தொரு பாஸ்போர்ட் கையில்.
சட்டைப்பையில் தனியாக ஒன்று,
பாதி சிங்கம் வெளியே தெரிய.
யாருடையதென்று கேட்காமல்
டீ குடிக்கப் போய்விட்டேன்.

மார்ச்சில் என் முறை.
தாலியைத் தட்டில் போட்டுவிட்டுப் பலகையை அணைத்தேன்,
எத்தனையோ நெஞ்சு ஒட்டி எடுத்தும் சூடேறாத பலகை.
கண்ணாடிக்குப் பின்னால் லிஸி.
என் நுரையீரல் சுத்தம். ஒளிக்க ஒன்றுமில்லை.
ஆனாலும் தோள்
தானாக ஒரு விரல்கடை முன்னே நகர்ந்தது.
"நேரே நிக்கு" என்றாள்.